தாவரவியல் படித்தால் கம்பெனி வேலை கிடைக்குமா?

போடியிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

மகள் தாவரவியல்தான் வேண்டும் என்று நிற்கிறாள், செடி கொடி படித்தவர்களை எந்தக் கம்பெனி கூப்பிடும் என்று கேட்டிருந்தீர்கள். கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் வெறும் பி.எஸ்சி. மட்டும் போதாது.

ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கும் உங்களுக்கு அதை வைத்தே சொல்கிறேன். ஏலச்செடியின் பூ, தூரிலிருந்து தரையோடு ஓடும் சரத்தில் பூக்கிறது. அதிகாலையில் விரியும், ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பெரும்பாலான பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். மலைத்தேனீ கூடு கட்ட உயர்ந்த மரம் வேண்டும். பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் மருந்தடித்தால் பூச்சியோடு தேனீயும் சாகும். தோட்டக்காரர், வியாபாரி, மசாலா கம்பெனி, கடன் கொடுத்த வங்கி எல்லாருடைய வருமானமும் இதை நம்பித்தான் இருக்கிறது.

தொழில் இயற்கையைக் கெடுத்தால் அடி தொழிலுக்கே திரும்பி வரும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எத்தனை குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன!

இப்போது சட்டமும் கேள்வி கேட்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. ஆலையோ அலுவலகமோ காடு, சதுப்புநிலம், சரணாலயம் பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மூலிகை போன்ற உயிரி வளங்களை வணிகத்துக்கு எடுப்பவர்கள் பொதுவாக ஆதாயத்தில் பங்கு தர வேண்டும் என்கிறது 2002-ன் பல்லுயிர்ச் சட்டம். அதைக் கவனிக்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இந்த அறிக்கைகளுக்குக் களத்தில் இறங்கிச் செடியை அடையாளம் காணத் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே கல்லூரி நாட்களிலேயே ஜிஐஎஸ் எனும் கணினி வரைபடம், புள்ளியியல், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது மூன்றையும் பழகச் சொல்லுங்கள். பிறகு முதுகலை, ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியிலும் வன உயிரியல் இருக்கிறது, சேர்க்கைத் தகுதியை முன்பே விசாரியுங்கள். ஆரம்பச் சம்பளத்தை ஐடி வேலையோடு ஒப்பிடாதீர்கள். இடங்கள் இன்னும் குறைவுதான், அதனால்தான் களப்பயிற்சியை வற்புறுத்துகிறேன்.

இந்த வாரம் ஒரு தேயிலை அல்லது மசாலா நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அவளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். சுற்றுச்சூழல் பகுதியைப் படித்து, எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும். விண்ணப்பத்தைப் பற்றி அதன்பின் பேசுவோம்.