மகன் மரத்தில், பெல்ட் இடுப்பில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், மிச்சிகனில் வேலை செய்கிறான். அங்கே போய் மான் வேட்டைப் பழக்கம் வந்துவிட்டது. அவன் மாமனார் கொடுத்த ‘கிளைம்பிங் ஸ்டாண்ட்’ ஒன்றை வைத்து 20 அடி உயரத்தில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்கள் அப்பா கூலிம் பக்கத் தோட்டத்தில் பன்றிக்குப் பரண் போட்டுக் காவல் இருந்தவர்தான், ஆனால் அந்தப் பரணுக்கு ஏணி இருந்தது. இவன் கையில் துப்பாக்கி வேறு. பயமாக இருக்கிறது. என்ன சொல்லி வைப்பது? படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: அம்மா, நான் உங்கள் பக்கத்துப் பிறை ஊரில், உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். மான் சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் கொண்டோ எனும் அடுக்குமாடிச் சுவரானாலும் மரமானாலும் கயிற்றுக்கு ஒரே நியாயம்தான். துப்பாக்கியைவிட அந்த 20 அடிக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி கட்டியிருப்பது வெறும் இடுப்பு பெல்ட். அது வேண்டவே வேண்டாம். விழுந்தால் வயிற்றை நெரிக்கும், தலைகீழாகவும் தொங்கவிடும். தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் சரி. இன்னொன்று, மரத்தோடு அவரை இணைக்கும் வார் முதுகுக்குப் பின்னால் மாலை மாதிரித் தொங்குகிறது. அது தலைக்கு மேலே மரத்தில் கட்டப்பட்டு, உட்கார்ந்தால் தொய்வே இல்லாமல் இருக்க வேண்டும். தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுந்த பிறகுதான் வார் பிடிக்கும். அதற்குள் ஆள் ஸ்டாண்டுக்குக் கீழே போய்விட்டால் திரும்ப மேலே வருவது பெரும்பாடு.

இந்த ஸ்டாண்டில் இரண்டு துண்டுகள். மேலே இருக்கை, கீழே கால் வைக்கும் தட்டு. இரண்டும் மரத்தைச் சுற்றிய கேபிளால் பட்டையைக் கவ்விக்கொள்ளும். இருக்கையைத் தூக்கி வைத்து அதில் உடம்பைச் சாய்த்து, காலால் தட்டை மேலே இழுத்து, மறுபடி நிற்க வேண்டும். இப்படியே புழு நகர்வதுபோல ஏறுவார்கள். காலை எடுத்த நேரத்தில் தட்டு நழுவிக் கீழே போனால், தம்பி அந்தரத்தில் இருக்கையோடு மாட்டிக்கொள்வார். இரண்டு துண்டுகளையும் ஒரு கயிற்றால் இணைத்தே வைப்பது அதற்காகத்தான். படத்தில் அந்தக் கயிறு என் கண்ணில் படவில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம் விழுகிறார்கள். நிறைய பேர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் ஹார்னஸை மரத்தில் மாட்டுகிறார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் குத்தகைக்காரர்களும் அப்படித்தான், ‘மேலே போய் மாட்டிக்கலாம் அண்ணே’ என்பார்கள். கால் தரையை விட்ட நொடியிலிருந்து திரும்பத் தரையில் படும்வரை மரத்தோடு இணைந்தே இருக்க வேண்டும். மரத்தைச் சுற்றிய கயிற்றைத் தனக்கு மேலே தள்ளித் தள்ளி ஏற வேண்டும். ஹார்னஸ் வாரை அந்தக் கயிற்றோடு சேர்ப்பது புரூசிக் முடிச்சு. 1931-இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் அறிமுகப்படுத்தியது. சும்மா இருந்தால் நகரும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும்.

மரமும் முக்கியம். நேரான, உயிருள்ள, சொரசொரப்பான பட்டை உள்ள மரமாக இருக்கட்டும். மிச்சிகனில் ஒரு சிக்கல் உண்டு. 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு அங்குள்ள ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. செத்த மரம் இலையுதிர்ந்த நவம்பரில் மற்ற மரங்களைப் போலவே நிற்கும். எனவே கோடையிலேயே மரத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். மேலே போகப் போக மரம் மெலியும், தட்டு முன்பக்கம் சாயும். அதனால் கீழேயே முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வைத்து ஏற ஆரம்பிக்க வேண்டும்.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே கூடாது. குண்டை எடுத்துவிட்டு, குழாய் கீழ்நோக்கி இருக்கும்படி கயிற்றில் கட்டிவிட்டு ஏறட்டும். உட்கார்ந்து, கட்டெல்லாம் சரி பார்த்த பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

மாமனார் கொடுத்தது பழைய சாமான் என்றால் கேபிள், ஆணி, வார் எல்லாவற்றையும் தடவிப் பார்க்கட்டும். ஹார்னஸை மட்டும் புதிதாக வாங்கட்டும், அதிலே சிக்கனம் வேண்டாம்.

விழுந்து ஹார்னஸில் தொங்கினால் உயிர் தப்பியாயிற்று என்று இருந்துவிட முடியாது. காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். கால் வைத்து நிற்க ஒரு வளைய வார் ஹார்னஸோடு இருக்கும், அதைக் கைக்கெட்ட வைக்க வேண்டும். போனும் விசிலும் பையில் வேண்டாம், நெஞ்சுப் பாக்கெட்டில் இருக்கட்டும். மேலே ஏறும் முன் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு தொங்கிப் பழகட்டும்.

துப்பாக்கி சீசன் நவம்பர் 15-இல் தொடங்குகிறது. அப்போது அங்கே காலை 6 மணி என்றால் நமக்கு இரவு 7. உங்களுக்குப் படம் அனுப்புவதோடு, எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவேன் என்பதை மருமகளிடம் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். நேரம் தாண்டினால் தேடிப் போக அங்கே ஆள் வேண்டும்.