மூச்சுப் போகும் இடத்தில் அளக்க வேண்டும்: தொழிற்சுகாதாரக் கேள்வி பதில்

குப்பம், நகரி, சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வேலையிடங்களில் தூசியும் இரைச்சலும் அளக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கிரானைட் பட்டறையின் நடுவில் கருவியை ஒரு மணி நேரம் நிறுத்தி, தூசி வரம்புக்குள் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம்பலாமா? (மேற்பார்வையாளர், குப்பம்)

பதில்: அந்தத் தாள் பட்டறையைப் பற்றிப் பேசுகிறதே தவிர, கல்லின் விளிம்பைக் கைக் கிரைண்டரால் தேய்ப்பவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இடுப்பு பெல்ட்டில் சிறிய பம்ப், முதுகு வழியாக வரும் குழாய், மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள் சட்டைக் காலரில் மாட்டிய ஃபில்டர் ஆகியவற்றோடு அவர் ஷிப்ட் முழுவதும் வழக்கம்போல வேலை செய்ய வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் உள்ள சைக்ளோன் என்ற சிறு கூம்பு, பெரிய துகள்களைச் சுழற்றிக் கீழே தள்ளிவிடும். நுரையீரலின் ஆழம் வரை செல்லும், பெரும்பாலும் 4 மைக்ரானுக்குக் குறைவான மென்தூசிதான் ஃபில்டரில் படியும். கண்ணுக்குத் தெரியும் புழுதியை விட, தெரியாத இந்தத் தூசியே ஆபத்தானது.

பிறகு ஃபில்டரை எடை போட்டு, அதில் குவார்ட்ஸ் (கல்லில் உள்ள படிகச் சிலிகா) எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, மென்தூசியின் வரம்பு, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி, 10ஐ அதனால் வகுத்தால் வரும் மில்லிகிராம். குவார்ட்ஸ் 30 சதவீதம் என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 0.31 மில்லிகிராம் மென்தூசி. அதில் சிலிகா மட்டும் 0.09 மில்லிகிராமுக்கு மேல். அமெரிக்காவில் 2016இல் வகுத்த வரம்பு 0.05 மில்லிகிராம்தான் என்பதால், அந்த அட்டவணையின் வரம்புக்குள் இருப்பதையே பாதுகாப்பு என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஒரே நாள் அளவீடும் போதாது. ஒரே வகை வேலை செய்பவர்களை ஒரு குழுவாக வைத்து, வெவ்வேறு நாட்களில் ஆறு முறையாவது அளந்தால்தான் மோசமான நாள் எவ்வளவு மோசம் என்பது தெரியும்.

கேள்வி: ஈரக் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாதா? (குப்பம்)

பதில்: போதாது. மென்தூசி அதன் வழியாகப் போய்விடும்.

கேள்வி: தறிக்கூடத்தில் 95 டெசிபல் என்றார்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம்? (நகரி)

பதில்: நம் விதிப்படி 90 டெசிபலுக்கு 8 மணி நேரம், 95க்கு 4 மணி நேரம். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியாற்றல் இரட்டிப்பாவதால், 5 டெசிபலுக்கு ஒருமுறை மட்டும் நேரத்தைப் பாதியாக்கும் இந்தக் கணக்கு காதுக்குத் தாராளமானது.

கேள்வி: என் ஆட்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. பிறகு இந்த அளவீடு எதற்கு? (பட்டறை உரிமையாளர்)

பதில்: ஐயா, சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் தூசியில் வேலை செய்த பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். இன்றைய படம் கடந்த காலத்தைக் காட்டுகிறது. இன்றைய காற்றைப் பம்ப்தான் காட்டும்.

கேள்வி: இருபது வருடமாகத் தொழில் நடத்துகிறேன், ஒருவருக்கும் வரவில்லையே? (அதே உரிமையாளர்)

பதில்: இருமல் வந்தவர் எல்லை தாண்டி ஊருக்குப் போய்விடுகிறார்; நீங்கள் படமெடுப்பது வேலையில் தங்கியவர்களை மட்டும்தான். போனவர்களை யார் தேடிப் பார்த்தார்கள்?

கேள்வி: அவர் சொல்வது சரிதான். இங்கே வருவது டிபிதான், தூசி நோய் இல்லை. (கணக்கர், சித்தூர்)

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் தவறு நடக்கிறது. சிலிகா படிந்த நுரையீரலில் டிபி எளிதில் பற்றும். நோயாளியிடம் ‘என்ன தொழில்?’ என்று கேட்க வேண்டும் என 1700இலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி எழுதினார். அந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்தில் சிலிகோசிஸ் டிபியாகவே பதிவாகிவிடும். சிலிகோசிஸ் கண்டால் மருத்துவர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவு சொன்னது.

கேள்வி: இழப்பீடு எப்படிக் கோருவது?

பதில்: அது என் துறை அன்று, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: துண்டை இரண்டாக மடித்துக் கட்டினால்? (நகரி)

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நான்காக மடித்தாலும் இதே பதில்தான். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் பொருந்தாது.

கேள்வி: சரி, அளக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? (பட்டறை உரிமையாளர்)

பதில்: கைக் கிரைண்டர் பிடிப்பவரிடமிருந்து. ஒரு நாள் உலர்வாகவும், மறுநாள் சக்கரத்தில் தண்ணீர் விட்டும் தேய்க்கச் சொல்லி, இரண்டு நாளும் அவர் காலரிலேயே அளந்து பாருங்கள்.