தனியாகப் பயணம் போய் அந்நிய ஊரில் வாழ்ந்தவர்களின் நினைவுக் குறிப்புகளில் எதை முதலில் படிக்கலாம்? என் ஊர் வேலூர்.

டெர்வ்லா மர்ஃபியின் 'ஃபுல் டில்ட்'. 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியா வரை தனியாக சைக்கிள் மிதித்த பெண். வழியில் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான். நாட்குறிப்பு நடை என்பதால் சலிக்காது. ஆப்கானிஸ்தானைப் பற்றி எழுதும்போது மட்டும் கொஞ்சம் ஓவராக உருகுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயணம் வேறு, தங்கி வாழ்வது வேறு. வேலூர்க்காரர் என்கிறீர்கள், அப்படியானால் அடுத்து டாக்டர் பால் பிராண்ட் எழுதியதைப் படியுங்கள். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சரிசெய்தவர். பிறந்தது கொல்லிமலையில் என்பதால் அவரை முழு அந்நியர் என்றும் சொல்ல முடியாது!

அப்புறம், சிஎம்சி பக்கத்து லாட்ஜ்களில் வைத்தியத்துக்காக வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்கும் வங்காளிகளோடு பேசிப் பாருங்கள். அவர்கள் கதையை யாராவது எழுத வேண்டும்.