சிறுநீரில் நுரை: மாத்திரையா காரணம்?

பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ பேசிய காணொளியை நம்பி, டெல்மிசார்ட்டனை நீங்களே நிறுத்தி 2 மாதமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்கு டயாலிசிஸ் நடப்பதால் உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பழியை மாத்திரையின் மேல் போட்டுவிட்டீர்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிகளைச் சிதைப்பவை 12 ஆண்டுச் சர்க்கரையும், இப்போது 154/94-இல் நிற்கும் ரத்த அழுத்தமும்தான். வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை இந்த மாத்திரை தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. அதனாலேயே தொடக்கத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று ஏறலாம். உங்களுக்கு 1.0 இருந்தது 1.1 ஆனதற்கா மாத்திரையைத் தூக்கிப் போட்டீர்கள்? 30 சதவீதம் வரை ஏறினாலும் பொதுவாக மருத்துவர்கள் நாங்கள் நிறுத்துவதில்லை.

கழுத்து வலியையும் தூக்கமின்மையையும் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்கிறீர்கள்: காலையில் சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான். வேகமாகக் கழித்தாலும் நுரை வரும், சற்று நேரத்தில் கலைந்துவிடும். நாள்தோறும் கலையாமல் நின்றால் புரதம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். காலையில் முதன்முதலாகக் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின் (ஒரு வகைப் புரதம்)–கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது வேண்டாம். அளவு கூடுதலாகக் காட்டும். விகிதம் 30 mg/g-க்கு மேல் இருந்தால் மறுபடியும் எடுத்து உறுதி செய்ய வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் சரியாக இருக்கும் காலத்திலேயே இந்தக் கசிவு தொடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் சேதத்தின் வேகத்தைக் குறைக்க முடியும். அதற்கு நாங்கள் முதலில் எழுதுவதே நீங்கள் நிறுத்திய வகை மாத்திரைதான்.

இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை மீண்டும் தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வார். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே வர வேண்டும். முகமோ காலோ வீங்கினால், மூச்சு வாங்கினால், அன்றே போங்கள்.

கழுத்து வலிக்கும் பிரஷருக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. ஆனால் அதற்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை உடனே விடுங்கள். சிறுநீரகத்துக்கு அஞ்சுகிறவர் அஞ்ச வேண்டிய மாத்திரை அதுதான். பிரஷரையும் அது ஏற்றும்.

இந்துப்புக்கு மாறியதால் ஒரு பயனும் இல்லை, அதுவும் சோடியம்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். சாதாரண உப்பையே குறைத்து, ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் தள்ளி வையுங்கள்.