என்சைம் பவுடர் போட்டும் சாம்பார்க் கறை போகவில்லையே?

கேள்வி: ‘என்சைம் கலந்தது’ என்று போட்டிருந்த சலவைப் பவுடரைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். நன்றாகக் கொதித்த நீரில் ஊறவைத்தேன். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சாம்பார்க் கறை போகவில்லை; சிவந்து வேறு போய்விட்டது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பவுடரைக் குறை சொல்லுமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஒரு நொதிக்கு (என்சைமுக்கு) ஒரு வேலைதான். புரோட்டியேஸ் என்ற நொதி புரதத்தை மட்டும் வெட்டும்: ரத்தம், பால், முட்டை. அமைலேஸுக்கு மாவுச்சத்து, லைபேஸுக்கு எண்ணெய். மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற சாயம். இந்த மூன்றுக்கும் அது இரை அல்ல. பவுடரில் உள்ள காரம் (அல்கலி) பட்டுத்தான் அது சிவந்தது. சட்டையை நன்றாக அலசி, ஈரத்தோடு நேர்வெயிலில் போடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். பருப்பையும் எண்ணெயையும் கழற்றுவதுதான் நொதியின் பங்கு.

இரண்டாவது, கொதிநீர். நொதியும் ஒரு புரதம்தான். வெந்த முட்டை மறுபடி இளகாதது போல, கொதிநீரில் கெட்ட நொதி ஆறினாலும் வேலை செய்யாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில், 40 டிகிரி அளவில், அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும். ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சூடு பட்டால் நூலோடு இறுகிவிடும். குளோரின் பிளீச்சை இதோடு சேர்க்கவே கூடாது, அதுவும் நொதியைக் கெடுக்கும்.

வாங்கும்போது நொதியின் பெயர் போட்ட பாக்கெட்டை எடுங்கள். வெறும் ‘என்சைம்’ என்றால் எது என்று தெரியாது. புரோட்டியேஸ் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி பவுடர். இன்னொரு டம்ளரில் அதே கரைசலைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். இரண்டிலும் வெந்த முட்டை வெள்ளைக்கருவில் ஒரே அளவு சிறு துண்டு. ஓரிரு நாளில் முதல் டம்ளர்த் துண்டு மட்டும் ஓரம் கரைந்து சிறுத்தால், நொதி உயிர்ப்போடு இருக்கிறது. ஈரம் பட்டால் நாளடைவில் வீரியம் குறையும். பெரிய பாக்கெட் சலுகை விலைக்கு மயங்க வேண்டாம்.

கேள்வி: பட்டுப்புடவைக்கு இதைப் போடலாமா?

பதில்: கண்டிப்பாக வேண்டாம். பட்டும் கம்பளியும் புரதம். கறை எது, இழை எது என்று புரோட்டியேஸுக்குத் தெரியாது. பளபளப்பு மங்கி இழை நைந்துபோகும். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் பயமில்லை.