குருஜியோடு சண்டை வேண்டாம், மாத்திரையைப் பாருங்கள்

கேள்வி: அப்பா இறந்த பிறகு அம்மா ஒரு தியானக் குழுவில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் எல்லாமே குருஜிதான் என்றாகிவிட்டது. தங்க வளையல்களைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். 'உடம்பை அவர் பார்த்துக்கொள்வார்' என்று பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். தம்பிக்கு இந்த வருடத்துக்குள் வேலை நிச்சயம் என்றார் குருஜி. கிடைக்கவில்லை. 'வீட்டில் நம்பிக்கை இல்லாத ஒருத்தி இருக்கிறாளே' என்று அம்மா என்மேல் பழி போடுகிறார். கோபத்தில் குருஜி படத்தை உடைத்துவிட்டேன். பத்து நாளாக அம்மா என்னோடு பேசவில்லை. என்ன செய்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: படத்தை உடைத்தது தப்பு. 'குடும்பத்தார் உன்னைத் தடுப்பார்கள்' என்று இப்படிப்பட்ட இடங்களில் முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். அந்த வாக்கையாவது நீங்கள் பலிக்க வைத்துவிட்டீர்கள். போய் மன்னிப்புக் கேளுங்கள். உடைத்ததற்கு மட்டும், நம்பாததற்கு அல்ல.

வாக்கு பொய்த்த பிறகும் எப்படி நம்புகிறார் என்பதுதானே உங்கள் ஆத்திரம்? 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், தங்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிக்கொள்ளும் என்று சிகாகோ பக்கம் ஒரு சிறு குழு விடிய விடியக் காத்திருந்தது. இரண்டும் வரவில்லை. விடியும் நேரத்தில் தலைவிக்கு ஒரு 'செய்தி' வந்தது: உங்கள் பக்தியால் உலகம் தப்பித்தது! அதன்பிறகு சிலர் முன்பைவிடத் தீவிரமாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லக் கிளம்பினார்கள். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் பக்தர்கள்போல உள்ளே இருந்து இதையெல்லாம் கவனித்தார்கள். (அவர்கள் உள்ளே போனதே நடந்ததை மாற்றியிருக்கும் என்று குறை சொல்பவர்களும் உண்டு.) நிறைய இழந்தவருக்கு 'ஏமாந்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம் என்பது ஃபெஸ்டிங்கர் கண்டது. அம்மா இன்று குருஜியை விட்டால் வளையலோடு இரண்டு வருடமும் வீணாகிவிடும். அதைவிட மகளைக் குறை சொல்வது சுலபம். அதனால் வாதம் செய்து பயனில்லை.

ஆனால் மாத்திரை விஷயத்தில் பொறுத்திருக்க முடியாது. ரத்த அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. மாத்திரையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் நன்றாக நடமாடுவார், 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே' என்பார். பக்கவாதமும் மாரடைப்பும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குருஜியா மாத்திரையா என்று கேட்காதீர்கள், குருஜிதான் ஜெயிப்பார். தியானமும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி வைத்து, தினமும் அவரையே எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் வாயைவிட அந்த எண் நன்றாகப் பேசும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எந்த மாத்திரை, எந்த அளவு என்பதை அவர் சொல்லட்டும். சாப்பாட்டில் ஒளித்துக் கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருநாள் தெரிந்துவிட்டால் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்.

வளையல் போனது போகட்டும். வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தம்பியோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அம்மா தூங்காமல் இருந்தாலோ, காதில் கட்டளை கேட்கிறது என்று சொன்னாலோ அது பக்திக் கணக்கில் வராது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் அப்பா அரை வரியோடு போய்விடுகிறார். வீட்டிலும் அப்படித்தானோ? அந்தக் குழுவில் யாராவது தினமும் 'சாப்பிட்டீர்களா' என்று அம்மாவுக்குப் போன் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். விசாரித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது குருஜி பேச்சு வேண்டாம், பிரஷர் பேச்சும் வேண்டாம். அப்பாவின் பழைய போட்டோ ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் பேச்சை மறுநாள் காலையில் எடுக்கலாம்.