குழாய்த் தண்ணீரில் குளோரினால் உண்டாகும் துணைப் பொருள்களை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

முடியும். ஆனால் கணிக்கும் சமன்பாட்டை எந்த அளவீடுகளை வைத்துப் பழக்கினார்கள் என்று பார்க்காமல் நம்பாதீர்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இலைதழை மக்கிக் கரைந்த கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிவதால் வருபவைதான் இந்தத் துணைப் பொருள்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் 1974-ல் இதை வெளியிட்டார். குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் நான்கும், ஹாலோஅசிட்டிக் அமிலங்களும்தான் வழக்கமாக அளக்கப்படுகின்றன. முதல் வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 80. அமெரிக்க வரம்பு ஆண்டு சராசரிக்கு என்பதால், ஒரு மாத உச்சம் அதில் மறைந்துபோகலாம்.

அளப்பதே ஒரு வித்தை. சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தண்ணீர் விளிம்பில் மேடு கட்டி நிற்கும்வரை நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்ப்போம். குமிழி தெரிந்தால் மறுபடி எடுக்க வேண்டும். குளோரோஃபார்ம் அந்தக் காற்றுக்குள் போய்விடும். குளோரினை முறிக்கும் உப்பைக் குப்பியில் முதலிலேயே போட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். அளவு எக்கச்சக்கமாக வந்தது. குழாய்த் தண்ணீரில் பாதியில் இருந்த வினை, என் பெட்டிக்குள் இரண்டு நாள் நடந்து முடிந்திருக்கிறது!

சரி, முடிவு கைக்கு வருவதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். கணிப்பு தேவைப்படுவது அதனால்தான். வெப்பநிலை, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), குளோரின் அளவு, குழாயில் தண்ணீர் கிடந்த நேரம், 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது (கரிமப் பொருள் எவ்வளவு என்பதற்கு அடையாளம்), இவற்றையெல்லாம் உடனுக்குடன் அளக்கலாம். கணிப்பு இவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் புரோமின் உப்பான புரோமைடையும் விடக்கூடாது. புரோமின் அணு கனமானது. அது சேர்ந்தால் மைக்ரோகிராம் கணக்கு ஏறும்.

எல்லாவற்றுக்கும் ஒரே சமன்பாடு போட்டால் சிக்கல். பிஎச் ஏறினால் ட்ரைஹாலோமீத்தேன் கூடும், ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் பொதுவாகக் குறையும். குழாயின் கடைக்கோடியில் முன்னது சேர்ந்துகொண்டே போகும். பின்னதை, குளோரின் தீர்ந்த இடத்தில் பாக்டீரியா தின்றுவிடுவதும் உண்டு.

அப்புறம் மழை. வறண்ட மாதங்களை மட்டும் வைத்துப் பழக்கிய கணிப்புக்குப் புதுவெள்ளம் என்றால் என்னவென்றே தெரியாது. யாராவது உங்களிடம் 95 சதவீதம் துல்லியம் என்றால், ஒரு மழைக்காலத்தை முழுசாக ஒதுக்கி வைத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.